சித்திக்கு வெள்ளிக்கிழமை சொல்லிக்கொடுத்தது

எனக்கு வாய்த்த முதல் மாணவி என் சித்தி. கடைசி மாணவியும் அவள்தான். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கற்றுக்கொள்ள யாரும் முன்வரவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. சித்திக்கு இருபத்தாறு. நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், இங்கிலீஷில் கிழமையையும் நேரத்தையும் சொல்வது எப்படி என்பது. எதற்கு முன்னால் 'ஆன்' வரும், எதற்கு 'இன்' வரும், எதற்கு 'அட்' வரும் என்பதில் அந்த வயதில் எனக்கு இருந்த தெளிவு, பிற்பாடு வாழ்க்கையில் வேறு எந்த விஷயத்திலும் வந்ததில்லை.

செகந்திராபாத்தில், மாரெட்பள்ளியில் ஒரு வீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்கு ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் காலையில் நான் கண் விழிக்கும் முன்பே போய்விடுவார். பேசுவதற்கான தெம்பை எல்லாம் பஸ்ஸிலேயே செலவழித்துவிட்டு இருட்டும்போது திரும்பி வருவார். அம்மா திருநெல்வேலிக்காரி. இந்த ஊருக்கு வந்து பத்து வருஷம் ஆகியும் அவளுடைய பேச்சில் ஒரு சொல்கூட இடம் மாறி உட்காரவில்லை. நான் இங்கேயே பிறந்தவள். வீட்டில் பேசுகிற தமிழ் முழுக்கப் புரியும். ஆனால் பதில் மட்டும், பள்ளிக்கூடத்து இங்கிலீஷோ தெருவில் கேட்ட தெலுங்கோ பக்கத்து வீட்டு ஹிந்தியோ, எது முதலில் வாய்க்கு வருகிறதோ அதில் வரும். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று அம்மா கேட்டால், "நக்கோ" என்பேன்.

"நக்கோவாம்லா நக்கோ. வேண்டாம்னு சொன்னா வாயி தேஞ்சா போவும்?" என்று சோற்றைப் போட்டுவிட்டே போவாள்.

சித்தி, அம்மாவின் தங்கை. கல்யாணமாகிக் கோவில்பட்டியில் இருந்தாள். அந்த வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். நாலு நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொன்னார்கள். நாலு நாள் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை வந்து போயிற்று. சித்தி போகவில்லை. எனக்கு அதில் ஆட்சேபணை எதுவும் இல்லை. சித்தி தலை பின்னினால் வலிக்காது. நான் சொல்லும் ஜோக்குகளுக்கு, அவை முடிவதற்கு முன்பே சிரித்துவிடுவாள். என் பாயில் என் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். அம்மா என்னைத் திட்டும்போது அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எனக்காகக் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டுக் காட்டுவாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். இப்போது நினைத்தாலும் அந்தப் பிரியம் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் திருநெல்வேலியிலிருந்து தாத்தாவின் போன் வரும். அம்மாவின் முகம் மாறும். சித்தி மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவாள், துணி இல்லாவிட்டாலும். தாத்தா என்ன தீர்ப்புச் சொன்னார் என்பது அம்மா அப்பாவிடம் சொன்னபோது எனக்கும் தெரிந்தது. கட்டிக்கொடுத்த பெண் காரணமில்லாமல் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஊர் பேசும். வேலை என்று ஒன்று கிடைத்தால் இருக்கட்டும். இல்லையென்றால் தீபாவளிக்கு முன்னால் கோவில்பட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் தாத்தா வாக்கே கொடுத்துவிட்டார்.

சித்திக்கு ஏன் கோவில்பட்டிக்குப் போகப் பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அங்க தண்ணிக் கஷ்டம்," என்றாள் அம்மா.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. எங்கள் தெருவிலும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். அன்றைக்கு எல்லோருக்கும் சிடுசிடுப்பாகத்தான் இருக்கும்.

ஆகவே, சித்தி எங்களோடு இருக்க வேண்டுமானால் அவளுக்கு வேலை வேண்டும். அப்பா தன்னுடைய அபூர்வமான பேச்சுகளில் ஒன்றைச் செலவழித்து, இரண்டு தெரு தள்ளி இருந்த பல் ஆஸ்பத்திரியில் கேட்டு வைத்தார். மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இரண்டே அறைகள். முன்னறையில் மீன்தொட்டி, நாற்காலிகள், போன். உள்ளறையில் டாக்டர் மேடமும் அவருடைய பெரிய நாற்காலியும். போனில் கூப்பிடுகிறவர்களுக்கு நாளும் நேரமும் கொடுத்து, வந்தவர்களை உட்கார வைத்து, வரிசைப்படி உள்ளே அனுப்ப ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஒரு மாதம் பார்க்கலாம், சரிப்பட்டு வந்தால் வைத்துக்கொள்கிறேன் என்றார் மேடம். ஒரே ஒரு நிபந்தனை. போலாரம் பக்கமிருந்து ராணுவக் குடும்பங்கள் நிறைய வருவார்கள். அவர்கள் போனில் இங்கிலீஷில்தான் பேசுவார்கள். நாளும் நேரமும் குழப்பமில்லாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

சித்தி தமிழ் மீடியத்தில் படித்து, வரலாற்றில் பி.ஏ. வாங்கியவள். இங்கிலீஷ் பேப்பரை எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள். ஆனால் போனை எடுத்துக் காதில் வைத்ததும் படித்ததெல்லாம் தொண்டைக்குக் கீழே இறங்கி ஒளிந்துகொள்ளும். அப்படி இறங்காமல் நின்றது ஒரே ஒரு வார்த்தை, 'டுமாரோ'. அதற்கு முன்னால் எந்தச் சின்ன வார்த்தையும் சேர்க்க வேண்டியதில்லை. அதனால் முதல் வாரம் கூப்பிட்ட அத்தனை பேரையும் சித்தி "டுமாரோ" வரச் சொன்னாள். மறுநாள் மீன்தொட்டியைச் சுற்றி ஜனம் நிற்க இடமில்லாமல் நின்றது. மேடம் அன்றைக்குச் சிரித்துவிட்டார். ஆனால் இரண்டாவது தடவை சிரிக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

சித்தி வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் அதே பாடம் நடந்திருந்தது. கடவுள் என்னை இதற்காகத்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

வகுப்பு தினமும் சாயங்காலம், மொட்டை மாடியில். கெட்டுப்போன டி.வி. ரிமோட்தான் போன். நான் போலாரத்து ராணுவ அதிகாரி. இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு, "ஹலோ, ஐ ஹேவ் டூத் பெயின்," என்பேன்.

"கம் அட் ஃப்ரைடே, சார்."

"நக்கோ, சித்தி. ஃப்ரைடேன்னா ஆன்."

"நமக்கு வெள்ளிக்கெழமன்னா வெள்ளிக்கெழமதான். முன்னால பின்னால ஒண்ணும் ஒட்ட வேண்டாம்லா. இவனுவளுக்கு எதுக்குட்டி இம்புட்டுக் கஷ்டம்?"

கிழமைக்கு ஆன். மாதத்துக்கு இன். காலைக்கும் மாலைக்கும் இன். மணிக்கு அட். நான் விரலை மடக்கிச் சொல்லச் சொல்ல, சித்தி துணிக்கொடியில் ஒவ்வொரு துணியாக மாட்டிக்கொண்டே திருப்பிச் சொல்லுவாள். 'மார்னிங்' தனியாக வந்தால் இன், ஆனால் 'ஃப்ரைடே மார்னிங்' என்று சேர்ந்து வந்தால் ஆன் என்றதும் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. தனியாக இருக்கும்போது ஒரு பேச்சு, துணை வந்துவிட்டால் இன்னொரு பேச்சா என்றாள். "நெக்ஸ்ட் ஃப்ரைடே"க்கு முன்னால் எதுவுமே வேண்டாம் என்றபோதுதான் சமாதானமானாள். எனக்கும் ஏன் என்று தெரியாது. மிஸ் சொன்னார்கள், நான் சொன்னேன். நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறவளைப் போல முகத்தை வைத்துக்கொள்ள மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. சித்தி தப்பு விட்டால் உள்ளங்கையில் ரிமோட்டால் ஒரு தட்டு தட்டுவேன். அவள் வலித்தது போலக் கையை உதறிக்கொள்வாள்.

ஒரே வாரத்தில் சித்தி தேறிவிட்டாள். அதற்கப்புறம் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் "ஆன் வெட்னெஸ்டே, சார், அட் சிக்ஸ், இன் த ஈவினிங்," என்று சொல்லிவிட்டு, போனை வைக்குமுன் "தேங்க்யூ" என்று ஒரு ராகம் வேறு போட ஆரம்பித்தாள். அதையெல்லாம் வீட்டுக்கு வந்து எனக்கு நடித்துக் காட்டுவாள். நான் பெருமையில் மிதந்தேன்.

இங்கிலீஷ் வசப்பட்டதும்தான் வில்லங்கம் ஆரம்பித்தது. போனில் தடுமாறிக்கொண்டிருந்த வரைக்கும் கேட்கிறவர்களின் இஷ்டத்துக்கு நேரம் கொடுத்துக்கொண்டிருந்தவள், நாக்குப் பழகியதும் தானே நேரத்தை நடத்தத் தொடங்கினாள். எங்கள் சமையலறையில் திருநெல்வேலியிலிருந்து வந்த தினசரிக் காலண்டர் ஒன்று தொங்கும். எந்தக் கிழமை எப்போது ராகு காலம் என்பது சித்திக்கு அதைப் பார்க்காமலே தெரியும். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. ஆஸ்பத்திரி காலையில் திறந்திருக்கும் நேரத்தின் நடுவில் கொண்டுபோய் யாரோ வேண்டுமென்றே வைத்தது போல அது உட்கார்ந்திருந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் சித்தி யாரையும் வரச் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் இடமில்லை என்று சொல்லி, பன்னிரண்டுக்கு மேல் தள்ளிவிட்டாள்.

இதை ஒரு சாயங்காலம் எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள். ரகசியமாகச் சொல்லவில்லை, ஒரு நல்ல காரியத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"வெள்ளிக்கெழம நகமே வெட்டப்பிடாது. இவ்வோ பல்லுல்லா புடுங்குதாவ. அதுவும் ராகு காலத்துல. நாம நேரங் குடுத்து, அவ்வோளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா? பாவம்லாட்டி."

எனக்கும் அது சரியென்றே பட்டது. மாணவி 'ஆன் ஃப்ரைடே' என்பதில் தவறவில்லை. மற்றதைப் பற்றி எனக்கென்ன கவலை.

நாங்கள் இருவருமே நினைத்துப் பார்க்காத ஒன்று இருந்தது. டாக்டர் மேடம் வீட்டில் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு சாதாரணச் சாப்பாடு இல்லை. வாரம் முழுக்க ஆளுக்கொரு திசையில் ஓடுகிற குடும்பம். அன்றைக்கு மட்டும் அவருடைய கணவரும் இரண்டு மகன்களும் பள்ளிவாசலில் ஜும்மா தொழுகை முடித்துவிட்டு வருவார்கள், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதற்காகவே மேடம் வெள்ளிக்கிழமை காலை வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொள்வது வழக்கம். சித்தி வந்த பிறகு, பத்தரைக்கு மேல் காலியான ஆஸ்பத்திரியில் அவர் மீன்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுந்து போகலாம் என்னும்போது திமுதிமுவென்று எல்லோரும் வந்து நிற்பார்கள். அவர் வீடு போய்ச் சேரும்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை வந்தாலே ஏன் இப்படி ஆகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. ஜனங்களின் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தார்.

சித்தியின் ஒரு மாதம் முடிகிற நாளும் ஒரு வெள்ளிக்கிழமையாகவே வந்து தொலைத்தது. எனக்கு தசரா லீவு. மாணவிக்கு வேலை உறுதியாவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்துக் கூடவே போயிருந்தேன். மீன்தொட்டிக்குப் பக்கத்தில், கலர் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். மேடம் உள்ளே வந்தபோது என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். தலையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய துணி, மூக்குக்கண்ணாடி, கையில் எப்போதும் கிராம்பு வாசனை. பேசுவது கான்வென்ட் இங்கிலீஷ். சலிப்பு வந்தால் மட்டும் பழைய ஹைதராபாத் பேச்சுக்கு மாறுவார்.

பதினொரு மணி இருக்கும். போலாரத்திலிருந்து உண்மையான ராணுவ அதிகாரி ஒருவர் வந்தார், ரிட்டையர் ஆனவர். நான் மொட்டை மாடியில் முறுக்கிய மீசை இவர் முகத்தில் நிஜமாகவே இருந்தது. அவருக்குக் கொடுத்திருந்த நேரம் பன்னிரண்டரை. ஸ்கூட்டரில் யாரோ கொண்டுவந்து விட்டதால் முன்னாலேயே வந்துவிட்டார். வந்தவர் காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மேடத்திடம், காலையில் இடமே இல்லை என்று போனில் சொன்னார்களே, இந்தக் கூட்டமெல்லாம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டார். அவர் குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

மேடம் முதலில் அவருடைய பல்லைக் கவனித்தார். சித்தி மேஜைமேல் இருந்த பேனாவை மூடினாள், திறந்தாள், மூடினாள். அவர் படியிறங்கிப் போனதும் உள்ளேயிருந்து சித்தியைக் கூப்பிட்டார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

"கைக்கு?" என்றார் மேடம்.

ஏன் என்பதற்கு ஹைதராபாத் சொல் அது. சித்திக்கு அதற்குள் அது தெரியும்.

"மேடம், ஆன் ஃப்ரைடே, ராகு காலம். டென் தர்ட்டி டு ட்வெல்வ். பேட் டைம். நோபடி ஸ்டார்ட்ஸ் எனிதிங்."

அந்த நேரம் வேண்டாம் என்று வருகிறவர்கள் கேட்டார்களா என்று மேடம் விசாரித்தார்.

"நோபடி, மேடம். ஐ ஒன்லி."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. இரண்டு வெள்ளிக்கிழமையாகத் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை என்றார். வருகிறவர்களுக்கும் நேரம் இருக்கிறது, எனக்கும் நேரம் இருக்கிறது, நீ மட்டும் எல்லோருடைய நேரத்தையும் உன் கையில் எடுத்துக்கொண்டாயே அம்மா என்றார். வேறொரு பெண்ணும் வேலை கேட்டு வந்துபோயிருக்கிறாள், அவளை வரச் சொல்வதா என்று யோசிக்கிறேன் என்றார்.

சித்தியின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அழவில்லை. கையை முன்னால் கோத்துக்கொண்டு நின்றாள். தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கோவில்பட்டியில் சித்தி குடத்தை வைத்துக்கொண்டு குழாயடியில் நிற்பது போலக் கண்ணுக்குள் தெரிந்தது. நான் போய் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

மேடம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பெரிய நாற்காலியைக் கையால் தட்டினார். பன்னிரண்டு வரைக்கும்தான் ஒருவரும் வரப் போவதில்லையே, வந்து உட்கார் என்றார். இங்கே வேலை பார்க்கிறவர்களின் பல்லை நான் பார்க்காமல் விட்டதில்லை, உன் ராகு என்னதான் செய்கிறார் என்று இரண்டு பேருமாகப் பார்த்துவிடுவோம் என்றார்.

"நோ பெயின், மேடம்," என்று சித்தி பின்வாங்கினாள். "வேண்டாம் மேடம். நோ."

"எதைக் கேட்டாலும் நக்கோ என்கிறது உன் அக்கா பெண். நீயுமா?" என்று மேடம் என்னைக் காட்டி லேசாகச் சிரித்தார். கோபம் பாதி இறங்கியிருந்தது. சித்திக்கு வேறு வழி இருக்கவில்லை. ஏறி உட்கார்ந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. விளக்கு எரிந்தது. நான் அவள் கால்மாட்டில் நின்றுகொண்டு, செருப்பில்லாத அவள் பாதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

வாயைத் திறக்கச் சொல்லி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டார் மேடம். ஒரு பக்கம் பார்த்தார், "குட்" என்றார். இன்னொரு பக்கம் பார்த்தார். அங்கே கண்ணாடி நின்றுவிட்டது. விளக்கை இழுத்துக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இடது பக்கம், மேல் வரிசையில், சிரித்தால்கூட வெளியே தெரியாத இடத்தில் ஒரு பல் குறுக்காக உடைந்திருந்ததாம். அதற்கடுத்த பல்லிலும் விரிசல். இந்த வாயை வைத்துக்கொண்டு இவள் இத்தனை நாள் எப்படிச் சாப்பிட்டாள் என்று மேடம் தனக்குத்தானே ஹிந்தியில் கேட்டுக்கொண்டார். பல் உடைந்திருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. சித்தி எப்போதும் வலது பக்கமாக மெல்லுவாள். நான் அது அவளுடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

மேடம் கண்ணாடியை வெளியே எடுத்தார். குரல் மாறியிருந்தது.

"வென் டிட் திஸ் ஹேப்பன்?"

இதுதான் பரீட்சை என்று எனக்குத் தோன்றிவிட்டது. நாளும் நேரமும் சொல்ல வேண்டிய கேள்வி, நேராக வந்து விழுந்திருக்கிறது. சித்தி முகட்டைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். நான் அவள் கால் கட்டைவிரலை மெல்ல அமுக்கினேன், நினைவிருக்கிறதா என்பது போல.

"ஆன் பொங்கல் டே, மேடம்," என்றாள் சித்தி. "இன் த மார்னிங்."

பிறகு இன்னொன்றும் சேர்த்தாள்:

"அட் எ வெரி குட் டைம்."

நான் அசந்துபோனேன். மூன்றும் சரி. அதிலும் கடைசியில் சொன்னது நான் சொல்லிக்கொடுக்காதது. மணிக்குத்தான் அட் என்று சொல்லியிருந்தேன். நல்ல நேரத்துக்கும் அதுதான் வரும் என்று அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

மேடம் கையுறையைக் கழற்றினார். விழுந்தாயா என்று கேட்டார்.

"நோ, மேடம். ஐ டிட் நாட் ஃபால்."

அதுவும் சரி. 'ஃபெல்' என்று சொல்லாமல் தப்பித்துவிட்டாள். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் மேடம் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. சித்தியின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பது போல. வைத்தபடியே ரொம்ப நேரம் நின்றார். சித்தியின் கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. விளக்கு வெளிச்சம் கூசுகிறது போலும் என்று நான் நினைத்தேன்.

அன்றைக்கு மேடம் அந்தப் பல்லுக்குத் தற்காலிகமாக மருந்து வைத்து அடைத்தார். முழுதாகச் சரிசெய்யப் பல தடவை உட்கார வேண்டியிருக்கும் என்றார். பன்னிரண்டுக்கு வந்தவர்களில் அவசரமில்லாதவர்களை அவரே பேசிச் சாயங்காலத்துக்கு மாற்றினார். கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும்போது, ஒன்றுமே நடக்காதது போலச் சித்தியிடம் சொன்னார்: திங்கட்கிழமையிலிருந்து நீ இங்கே நிரந்தரம். ஆனால் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு யாருக்கு ஆட்சேபணை இல்லையோ அவர்களைக் கேட்டு வரச் சொல்ல வேண்டும். நீயாக முடிவு செய்யக் கூடாது. சித்தி வாய் மரத்துப் போயிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள்.

திரும்பி வரும்போது கீழே மருந்துக்கடையில் மேடம் எழுதிக்கொடுத்த மாத்திரை வாங்கச் சித்தி நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு தெருவையும் ஒரே ஓட்டமாக ஓடி, மாடிப்படியேறி, சமையலறையில் நின்ற அம்மாவிடம் மூச்சிரைக்கச் சேதியைக் கொட்டினேன்.

"வேல நெசமாவே கெடச்சிட்டாட்டி?" என்றாள் அம்மா. ஈரக்கையோடு நின்றவள் முகம் அப்படி மலர்ந்தது.

"ஹவ்," என்றேன், ஆமாம் என்பதற்கு. "சித்தி எக்ஸாம்ல பாஸ். மேடம் கொஸ்டின் கேட்டாங்க. எல்லாம் கரெக்டா சொல்லிட்டா."

"என்ன கேட்டாவ? என்ன சொன்னா?"

நான் நேராக நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒப்பித்தேன். உடைந்த பல்லைப் பார்த்ததையும், மேடம் கேட்டதையும், சித்தி சொன்னதையும், ஒரு சொல் விடாமல். ஆன் பொங்கல் டே. இன் த மார்னிங். அட் எ வெரி குட் டைம். ஐ டிட் நாட் ஃபால். ஒவ்வொன்றும் ஏன் சரி என்று விளக்கமும் கொடுத்தேன்.

அம்மா அடுப்பை அணைத்தாள். குழம்பு இன்னும் கொதித்து முடியவில்லை.

"இன்னொரு மட்டம் சொல்லு," என்றாள்.

சொன்னேன், முன்னைவிடத் தெளிவாக. அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். "பொங்கலன்னைக்கு வழுக்கி விழுந்துட்டான்னுல்லா மாப்பிள்ள வீட்டுல சொன்னாவ," என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா தாத்தாவுக்குத் தானே போன் போட்டதும், கதவைச் சாத்திக்கொண்டு அவள் பேசிய குரலும், அப்பா தொழிற்சாலை உடுப்பைக்கூட மாற்றாமல் அந்தக் கதவுக்கு வெளியே நின்றதும், அந்தத் தீபாவளிக்கும் அடுத்தடுத்த தீபாவளிகளுக்கும் சித்தி எங்களோடேயே இருந்ததும் எல்லாம் பிறகு நடந்தவை. வெகுகாலம் வரை, அதற்கெல்லாம் காரணம் நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், இவ்வளவு நல்ல சேதியைக் கொண்டுவந்தும் அம்மா சிரிக்கவில்லை என்பதுதான். மாடிப்படியில் சித்தியின் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியவில்லை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவளுக்கு விளங்கும்படி, எனக்கு வராத தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னேன்:

"சித்தி விழல, அம்மா."